லக்சர் போகிறவர்கள் கவனத்துக்கு: 420 டாலர் போச்சு

நேற்று ராத்திரிதான் எகிப்திலிருந்து திரும்பினோம். பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை. ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

எனக்கும் அம்மாவுக்கும் லக்சரில், நைலின் மேற்குக் கரையில் ஒரு நாள் சுற்றுலா. தனிக் கார், வழிகாட்டி, மன்னர்கள் பள்ளத்தாக்கு, அங்கே முதலாம் சேத்தியின் கல்லறைக்குத் தனி டிக்கெட், மதீனத் ஹாபு கோயில், மதியம் கிராமத்து வீட்டில் சாப்பாடு. ஒரு பெரிய முன்பதிவுத் தளத்தில் 480 டாலர் போட்டிருந்தார்கள். ஒரு சந்தேகம் கேட்டேன், ஏஜென்ட் வாட்ஸ்அப்புக்கே வந்துவிட்டார்.

அங்கேதான் விழுந்தேன். அவருடைய பாட்டி ‘ஐஷ் ஷம்சி’ சுடுவதாக ஒரு வீடியோ அனுப்பினார். மாவை வட்டமாகத் தட்டி, வெயிலில் வைத்துப் பொங்கவிட்டு, மண் அடுப்பில் சுடும் ரொட்டி அது. அம்மா நாலு தடவை போட்டுப் பார்த்தார். “சாப்பாடு எங்கள் வீட்டில்தான், உங்கள் அம்மா எனக்கும் அம்மா” என்று குரல்பதிவு வேறு. நேராக அனுப்பினால் கமிஷன் மிச்சம், 420 போதும் என்றார். அனுப்பினேன். தொகையே எச்சரித்திருக்கிறது, எனக்குத்தான் உறைக்கவில்லை.

பள்ளத்தாக்கில் கையில் வந்தது மூன்று கல்லறைகளுக்கான சாதாரண டிக்கெட். சேத்தி? “இன்று மூடிவிட்டார்கள்.” சரி என்று நிற்கிறோம், அதே வாசலிலிருந்து ஒரு குடும்பம் மூச்சு வாங்க ஏறி வருகிறது! அவர்கள் போனில் அந்த நட்சத்திரக் கூரை. 1817இல் பெல்சோனி என்ற இத்தாலியர் கண்டுபிடித்த கல்லறை. அதற்காகத்தான் இவ்வளவு தூரம் போனதே.

மதீனத் ஹாபுவில் இருபது நிமிடம். எதிரிகளின் வெட்டிய கைகளைக் குவித்து எண்ணும் சிற்பத்தைத் தேடுவதற்குள் ஹாரன். அலபாஸ்டர் கல் சாமான் கடையில் மட்டும் ஒன்றரை மணி நேரம், டீயோடு.

‘பாட்டி வீடு’ என்பது அந்தக் கடையின் பின்கட்டு. ஒரு பெண் மாவைத் தட்டுவதுபோல் தட்டினார், போட்டோ எடுத்ததும் டிப்ஸுக்குக் கை நீட்டினார். அம்மா மாவின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார். வெடித்துக் காய்ந்திருந்தது. “இது நேத்துப் பிசைஞ்ச மாவுடி.” எங்களுக்கு வந்த ரொட்டி பிளாஸ்டிக் பையிலிருந்து, ஜில்லென்று.

பணத்தைக் கேட்டால் முதலில் “நாளை பேசுகிறேன்”. அப்புறம் “மேனேஜர் கெய்ரோவில்”. அப்புறம் இரண்டு நீல டிக், அவ்வளவுதான். தளத்தில் கேட்டேன். பணம் எங்கள் வழியாக வரவில்லையே என்று ஒரே வரி. 420 டாலர், நம் காசில் முப்பத்தைந்தாயிரத்துக்கு மேல்.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், பொறுமை இல்லை. தளத்துக்கு வெளியே பைசா அனுப்பாதீர்கள். சேத்தி, துட்டன்காமன் கல்லறைகளுக்குத் தனி டிக்கெட், கவுன்டரில் நீங்களே வாங்குங்கள். வழிகாட்டியின் லைசென்ஸ் அட்டையைப் பார்க்காமல் காரில் ஏறாதீர்கள்.

மூன்று நாளாக வாய் திறக்காத ஆள் இப்போதுதான் செய்தி அனுப்பியிருக்கிறார். கூகுளில் ஐந்து நட்சத்திரம் போடணுமாம். அம்மாவைக் கேட்டதாகச் சொல்லணுமாம்.