கால்நடை மருத்துவ மாணவர்கள் நடத்தும் பால் பொருள் கடை: தயிர் வாங்கலாம், ஐஸ்கிரீம் வேண்டாம்

கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்துக்குள் மாணவர்களே செய்து மாணவர்களே விற்கிற கடை. பால் சுத்தமாக இருக்கும், கேட்டால் விவரம் சொல்வார்கள் என்று நம்பித்தான் போவோம். சுத்தத்தில் குறை இல்லை. விவரம்தான் பாலோடு நின்றுவிடுகிறது, பாலிலிருந்து செய்த பொருளுக்கு வந்தால் தடுமாறுகிறார்கள்.

முதலில் தயிர். கப்பைச் சாய்த்தாலும் அசையாத கெட்டி, ஓரத்தில் தண்ணீர் பிரியவில்லை, புளிப்பும் அளவாக இருந்தது. நல்ல பாலாக இருந்தும் சில நாள் தயிர் உறையாமல் போகிறதே, ஏன் என்று கவுண்டரில் நின்ற மாணவியிடம் கேட்டேன். யோசிக்கவே இல்லை. மடிநோய் வந்த மாட்டுக்கு ஆண்டிபயாடிக் போட்டால் மருந்து பாலில் இறங்கும், பாலில் ஊற்றும் உறைமோரில் இருப்பதும் பாக்டீரியாதானே, அதையும் அந்த மருந்து அடக்கிவிடும், காய்ச்சினாலும் மருந்து முழுசாகப் போகாது, அதனால்தான் ஒவ்வொரு மருந்துக்கும் இத்தனை நாள் பாலை ஒதுக்க வேண்டும் என்று கணக்கு இருக்கிறது என்றார். மருந்தே போடாவிட்டாலும் மடிநோய்ப் பாலில் கேசீன் புரதம் சிதைந்துபோகும், உப்புக் கரிக்கும், சீஸ் குறைவாகத்தான் கிடைக்கும் என்பதையும் அவரே சேர்த்துச் சொன்னார். சாதாரணக் கடையில் இந்தப் பதில் கிடைக்காது.

அப்புறம் சீஸ் பக்கம் போனேன். லேபிளில் வெறுமனே 'நொதி' என்று போட்டிருந்தது. என்ன நொதி தம்பி, சைவம் சாப்பிடுகிறவர்கள் வாங்கலாமா என்றால் அங்கிருந்த மாணவர் விழித்தார். பாலை உறைய வைக்கிற ரென்னெட்டைப் பழைய முறையில் கன்றுக்குட்டியின் நான்காவது இரைப்பையிலிருந்துதான் எடுத்தார்கள். அந்த இரைப்பையின் பெயர், அது இருக்கும் இடம், அதில் வரும் நோய் எல்லாவற்றையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடியவர்கள் இவர்கள், ஆனால் அதே சமாசாரம் தான் விற்கிற சீஸுக்குள் இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை. இப்போது நுண்ணுயிரிகளை வைத்தும் அந்த நொதியைத் தயாரிக்கிறார்கள், சைவக்காரர்கள் தேடுவதும் அதைத்தான். எது போட்டார்கள் என்று லேபிளில் ஒரு வரி எழுத என்ன கஷ்டம்?

பனீர் மிருதுவாக, உதிராமல் இருந்தது. ஆனால் சூடு பண்ணினால் சீஸ் மாதிரி ஏன் உருகுவதில்லை என்பதற்கு 'கொழுப்பு கம்மி' என்று பதில் வந்தது, அது தப்பு. பனீருக்குப் பாலை அமிலம் ஊற்றித் திரிய வைக்கிறோம், அந்த அமிலத்தில் புரதத்தோடு ஒட்டியிருந்த கால்சியம் பெரும்பாலும் கரைந்து தண்ணீரோடு போய்விடும், மிச்சமிருக்கும் புரதம் சூட்டில் இளகாமல் இன்னும் இறுகத்தான் செய்யும். வடித்த தண்ணீரை என்ன செய்கிறீர்கள் என்றேன். கொட்டிவிடுவார்களாம்! ஊற்றிய பாலில் பெரும்பகுதி அந்தத் தண்ணீராகத்தான் வருகிறது, லாக்டோஸ் என்கிற பால் சர்க்கரை பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது, கொஞ்சம் புரதமும் இருக்கும். உடற்பயிற்சி செய்கிறவர்கள் டப்பா டப்பாவாக வாங்கும் வே புரதப் பொடியே சீஸ் செய்யும்போது இதே மாதிரி வடிகிற தண்ணீரிலிருந்து வருவதுதான். சாக்கடைக்கு விட்டால் நீர்நிலைக்குக் கேடு என்பது மட்டும் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. மதிப்புக் கூட்டிய பால் பொருட்கள் என்று பெரிதாகப் பலகை வைத்துவிட்டு மதிப்பைச் சாக்கடைக்கு அனுப்புகிறார்கள். எலுமிச்சையும் சர்க்கரையும் போட்டு ஒரு பானமாக விற்றால்கூடப் போதுமே.

இதற்கு மாணவர்களைத் திட்டிப் பயனில்லை. உடற்கூறு, மருந்தியல், அறுவை சிகிச்சை என்று பாடம் குவிந்து கிடக்கும்போது பால் பதனிடுதல் தேர்வுக்கு முந்தைய நாள் புரட்டுகிற பக்கமாகிவிடும். கடையில் நிற்பவர்களையே ஒரு வாரம் தயாரிப்பிலும் நிற்க வைத்தால் பாதிக் கேள்விக்குப் பதில் தானாக வந்துவிடும்.

சாக்லேட் பால் பரவாயில்லை, அடியில் பொடி தங்குகிறது, குலுக்கிக் குடிக்க வேண்டும். ஐஸ்கிரீம் மட்டும் வேண்டாம், நாக்கில் நறநறவென்று ஐஸ் தட்டுப்படுகிறது. ஃப்ரீசர் கதவை நிமிஷத்துக்கு ஒருமுறை திறந்து மூடினால், இளகி மறுபடி உறைந்து, ஐஸ் துகள் பெரிதாகாமல் என்ன செய்யும்?

போகிறவர்கள் பனீர் பாக்கெட்டில் தேதியைப் பார்த்து வாங்குங்கள். பேனாவால் எழுதுகிறார்கள், ஈரம் பட்டால் மை கலைந்துவிடுகிறது. கலைந்திருந்தால் வேறு பாக்கெட் கேளுங்கள், முகம் சுளிக்காமல் எடுத்துத் தருகிறார்கள்.