பிசி ஒன்பது வருஷம், பிஎஸ் ஏழு வருஷம்: காசெல்லாம் எங்க போச்சு?

கேமிங் பிசியா, இல்ல பிளேஸ்டேஷன் (பிஎஸ்) மாதிரி டிவில மாட்டி கேம் ஆடற கன்சோலான்னு யாராவது கேட்டா முதல் நாள் பில்லை மட்டும் வச்சுதான் எல்லாரும் அடிச்சுக்கறாங்க. நான் 2016 கடைசில பிசி பில்டு பண்ணேன், 2018ல பிஎஸ்4 வாங்கினேன், அது அப்புறம் பிஎஸ்5 ஆச்சு, ரெண்டு பக்கமும் ஆன செலவை போன்ல ஒரு நோட்ஸ்ல எழுதிட்டே வரேன். வீட்ல கேட்டா காட்டறதுக்கு இல்ல, காட்டாம இருக்கறதுக்கு.

முதல் பில்டு ஐ5 6500 பிராசசர், ஜிடிஎக்ஸ் 1060 6ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 8ஜிபி ராம். மானிட்டர், கீபோர்டு, மவுஸ்னு எல்லாம் சேத்துப் பாத்தா அந்தக் காசுக்கு மூணு பிஎஸ்4 வந்திருக்கும். கன்சோலுக்கு டிவி ஏற்கனவே வீட்ல இருக்கு, அந்த செலவை யாரும் கணக்குல சேக்கறதே இல்ல, அதுவும் ஒரு ஏமாத்து வேலைதான்.

ஆனா கன்சோல்ல காசு சொட்டு சொட்டா போகும். பிஎஸ்3ல ஆன்லைன் ஆட காசு கேக்கல, பிஎஸ்4ல இருந்து அதுக்கு பிளேஸ்டேஷன் பிளஸ்னு ஒரு சந்தா கட்டணும், ஃபோர்ட்நைட் மாதிரி இலவச கேமுக்கு மட்டும் தேவையில்ல. நான் விடாம கட்டின சந்தாவ மட்டும் கூட்டிப் பாத்தேன், கிட்டத்தட்ட இன்னொரு கன்சோலோட விலை. கூட்டினப்ப கொஞ்சம் நேரம் பேச்சே வரல.

இதுல என்னைக் காப்பாத்தினது டிஸ்க். புது கேம் வாங்கி முடிச்சுட்டு ஒரு மாசத்துக்குள்ள வித்துடுவேன், இல்ல ஃபிரெண்டோட மாத்திப்பேன், பாதிக் காசுக்கு மேலயே திரும்பி வந்துடும். டிஸ்க் டிரைவ் இல்லாத மாடல் கம்மி விலைன்னு வாங்குறவங்க இதை யோசிச்சுட்டு வாங்குங்க. பிசி கேம் விக்கற ஆன்லைன் கடை ஸ்டீம்ல இந்த வேலை நடக்காது, வாங்கினா வாங்கினதுதான், 14 நாளுக்குள்ள ரெண்டு மணி நேரத்துக்கு கம்மியா ஆடியிருந்தா மட்டும் ரீஃபண்டு கேக்கலாம். அதுக்குப் பதிலா சேல்ல அடிமாட்டு விலைக்கு கிடைக்கும். கிடைக்குதேன்னு வாங்கிக் குவிச்சதுல பாதிய நான் இன்ஸ்டால் கூட பண்ணல, அப்ப அது சீப்பா காஸ்ட்லியா நீங்களே சொல்லுங்க.

பிசில பெரிய அடி அப்கிரேடுதான். 1060 திணற ஆரம்பிச்ச நேரம் பாத்து மைனிங் காய்ச்சல், அதாவது கிரிப்டோ காசு சம்பாதிக்க ஆளாளுக்கு கிராபிக்ஸ் கார்டை வாங்கிக் குவிச்சாங்க, 2021ல கார்டு விலை எல்லாம் கிறுக்குத்தனமா இருந்துச்சு. 2022 செப்டம்பர்ல எத்தீரியம்ங்கற கிரிப்டோ மைனிங்க கைவிட்டுச்சு, அதுக்கப்புறம்தான் ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு வாங்கினேன். மாட்டினா ஃபிரேம் ரேட் (செகண்டுக்கு எத்தனை படம் திரைல வருதுங்கறது) எதிர்பாத்த அளவு ஏறல, பாத்தா பிராசசர் 100 சதவீதத்துல மூச்சு வாங்குது, கார்டு பாதி நேரம் சும்மா உக்காந்திருக்கு. அடுத்த மாசமே பவர் சப்ளை பட்டுனு போச்சு, நல்லவேளை கார்டையும் கூட கூட்டிட்டுப் போகல.

சரி இப்படியே ஓட்டலாம்னு இருந்தா 2025 அக்டோபரோட விண்டோஸ் 10க்கு சப்போர்ட் முடிஞ்சுது, 6500க்கு விண்டோஸ் 11 முறைப்படி கிடையாது. பிராசசர் மாத்தினா மதர்போர்டு மாத்தணும், நான் பாத்த புது மதர்போர்டுக்கு டிடிஆர்5ங்கற புது வகை ராம் வேணும், நான் கொஞ்சம் பொறுத்து வாங்கலாம்னு இருந்த அந்தக் கடைசி ரெண்டு மாசத்துலதான் ராம் விலை எகிறுச்சு. ஒரு நட்டு கழண்டதுக்கு வண்டியவே மாத்தின கதை.

இதே காலத்துல பிஎஸ்5க்கு நான் பண்ண ஹார்டுவேர் செலவு கேம் சேமிக்க ஒரே ஒரு எஸ்எஸ்டி டிரைவ். உள்ள இருக்கற 825ஜிபில கேமுக்கு கிடைக்கறது 667 சொச்சம்தான், பெரிய கேம் அஞ்சாறு போட்டாலே ஃபுல். ஒண்ணு மட்டும் மாறிடுச்சு, முன்னெல்லாம் மூணு வருஷம் பொறுத்தா கன்சோல் விலை இறங்கும், இந்த தலைமுறைல பல நாட்டுல விலை ஏறத்தான் செஞ்சுது. காத்திருந்து வாங்கறேன்னு சொல்றவங்ககிட்ட இப்ப எனக்கு சொல்ல ஒண்ணுமில்ல.

கடைசியா கூட்டினா பிசி பக்கமும் கன்சோல் பக்கமும் கேமையும் சேத்து கிட்டத்தட்ட ஒரே தொகை, பிசி கொஞ்சம் கூட. ஆனா அதே பிசிலதான் ஆபீஸ் வேலை, வீடியோ எடிட்டிங், பசங்க ப்ராஜெக்ட் எல்லாம், பாதிய அந்த கணக்குல தள்ளிட்டா கன்சோல்தான் காஸ்ட்லி. கேம் மட்டும்தான் ஆடுவேன், செட்டிங்ஸ் நோண்ட பொறுமை இல்லன்னா இந்த தள்ளுபடி உங்களுக்கு இல்ல, கன்சோலே வாங்கிக்கோங்க.

பழைய 1060 இன்னும் தம்பி பிசில ஜம்முனு ஓடுது. காசு தரேன்னு அவன் சொல்லி மூணு வருஷம் ஆச்சு, நோட்ஸ்ல அதை வரவுலதான் எழுதி வச்சிருக்கேன்.