மேக்ரோ லென்ஸும் தோட்டத்துப் பூக்களும்: சில ஆண்டுப் பழக்கத்துக்குப் பிறகு

பூக்களுக்காகவே, மிக நெருங்கிப் படமெடுக்க உதவும் 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ் ஒன்றை வாங்கிச் சில ஆண்டுகள் ஓடிவிட்டன. வாங்கிய புதிதில் எழுதியிருந்தால் படத்தின் கூர்மையைப் பற்றியே பக்கம் பக்கமாக எழுதியிருப்பேன். இப்போது அதில் சொல்ல ஒன்றுமில்லை. 90 முதல் 105 மி.மீ. வரையிலான மேக்ரோ லென்ஸ்களில் கூர்மை இல்லாத ஒன்றைத் தேடிப் பிடிப்பதுதான் கஷ்டம். அதனால் எந்தக் கம்பெனி என்று சொல்லிப் பயனில்லை. நாள்பட நாள்பட எனக்குத் தெரியவந்தது வேறு. வீட்டுச் செடிகளுக்கு இந்த லென்ஸ் அவ்வளவு பொருத்தம். வெளியே ஒரு தோட்டத்தைப் பார்க்கப் போகும்போதோ பாதி நேரம் பைக்குள்ளேயே கிடக்கிறது.

முதலில் 1:1 பற்றி. பெட்டியில் மேக்ரோ என்று அச்சிட்டு வருவதெல்லாம் மேக்ரோ ஆகிவிடாது. பூவின் நிஜ அளவிலேயே அதன் உருவம் கேமராவின் சென்சாரில் விழ வேண்டும், அதுதான் 1:1. ஃபுல் ஃபிரேம் எனப்படும் பெரிய சென்சாரின் அகலம் 36 மி.மீ.; ஆகவே 36 மி.மீ. அகலமுள்ள ஒரு துண்டு படத்தை முழுக்க நிறைத்துவிடும். கேட்க ஆசையாக இருக்கும். ஆனால் அந்த நெருக்கத்தில் எஃப்/8 (இந்த எண் கூடக்கூட லென்ஸின் துளை சிறிதாகும்) வைத்தாலும் தெளிவாகக் கிடைப்பது ஏறக்குறைய ஒரு மி.மீ. தடிமன்தான். செம்பருத்தியின் சூல்முடி ஐந்து பொட்டுகளாகப் பிரிந்திருக்கும் அல்லவா, ஒன்றில் ஃபோகஸ் வைத்தால் பக்கத்துப் பொட்டே மங்கிவிடும். துளையை எஃப்/22 வரை மூடினால் ஆழம் கொஞ்சம் கூடும், ஆனால் சிறு துளையில் ஒளி வளைந்து பரவும் டிஃப்ராக்‌ஷன் வந்து மொத்தப் படத்தையும் மழுக்கிவிடும். போதாக்குறைக்கு 1:1க்குப் போகும்போது சுமார் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி) வெளிச்சமும் குறைகிறது. எஃப்/8 என்று காட்டினாலும் சென்சாருக்கு வந்து சேருவது எஃப்/16 அளவு வெளிச்சம்தான்.

அதனால் 1:1ஐ நான் இப்போது அரிதாகத்தான் தொடுகிறேன். ரோஜா, செம்பருத்தி போன்ற பெரிய பூக்களுக்கு 1:3, 1:4, அதாவது நிஜ அளவில் மூன்றில், நான்கில் ஒரு பங்கு, தாராளம். முழு உருப்பெருக்கம் கேட்கும் பூக்கள் வேறு வகை. காகிதப்பூவில் நாம் பூ என்று ரசிக்கும் நிறமெல்லாம் பூவடிச் செதில்கள். நிஜப் பூ நடுவில் மூன்று சின்னக் குழல்களாக, முனை வெளுத்து நிற்கும். சூரியகாந்தியின் நடுத்தட்டும் அப்படித்தான். ஒரு பூவாகத் தெரிவது நூற்றுக்கணக்கான குறும்பூக்களின் கூட்டம். ஓரத்திலிருந்து உள்நோக்கி அவை வட்டம் வட்டமாக மலர்ந்துகொண்டே போகும். காலையில் ஒரு வளையம் மகரந்தம் தள்ளியிருக்கும், மறுநாள் அதற்கு உள்வளையம். லென்ஸ் இல்லாமல் இதை நான் கவனித்திருப்பேனா என்று கேட்டால், மாட்டேன்.

வீட்டில் இந்த லென்ஸுக்குத் துணையாக நான் வைத்திருப்பவை: ஒரு கறுப்பு அட்டை, ஒரு சாம்பல் அட்டை, வெயிலை வடிகட்ட ஒரு வெள்ளைத் துணித்தட்டு, துணி மாட்டும் கிளிப் பொருத்திய ஒரு குச்சி. அட்டையைப் பூவுக்கு அரை மீட்டர் பின்னால் நிறுத்தினால் பின்னணிக் குழப்பம் தீர்ந்தது. ஜெர்மானியரான கார்ல் பிளாஸ்ஃபெல்ட் நூறு ஆண்டுகளுக்கு முன்பே செடிகளை வெற்றுப் பின்னணியில் நிறுத்தி, தானே செய்துகொண்ட கேமராவில் பெரிதாக்கிப் படமெடுத்தவர். அவர் படங்களை ஒருமுறை பார்த்தவர்கள் பின்னணியை மங்கலாக்கும் மோகத்திலிருந்து கொஞ்சமாவது விடுபடுவார்கள். வெள்ளைத் துணி உச்சி வெயிலில்தான் கைகொடுக்கும். இதழில் விழும் கூர்மையான நிழல் கரைந்துவிடும். கிளிப் காற்றுக்காக: செடித்தண்டைக் குச்சியோடு மெதுவாகப் பிடித்து வைத்தால் 1/125 நொடிகூடப் போதும். இல்லையென்றால் இளங்காற்றுக்கே 1/250, 1/500 என்று ஏற வேண்டும். லென்ஸுக்குள் இருக்கும் ஸ்டெபிலைசேஷனை இங்கே நம்பிப் பயனில்லை. அது கை நடுக்கத்துக்கு, பூவின் ஆட்டத்துக்கு அல்ல. நெருங்க நெருங்க அதன் பலனும் குறைந்துகொண்டே வரும்.

ஆட்டோஃபோகஸை அணைத்துவிட்டு, உருப்பெருக்கத்தை முதலில் முடிவு செய்து, உடம்பை முன்னும் பின்னும் மெல்ல அசைத்து எடுப்பதுதான் எனக்குக் கடைசியில் கைவந்த முறை. ஃபோகஸ் ஸ்டாக்கிங் எனப்படும் பல படங்களைச் சேர்க்கும் வித்தையை வெளித் தோட்டத்தில் முயல்வது வீண். இரண்டு படங்களுக்கு நடுவே இதழ் நகர்ந்துவிடும்.

வீட்டுத் தோட்டத்தின் இன்னொரு வசதி நேரம். 1751இல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் பூக்கள் விரியும், மூடும் வேளைகளை வைத்தே ஒரு கடிகாரம் அமைக்கலாம் என்று எழுதினார். அது எந்த ஊரிலும் துல்லியமாக ஓடாது. ஆனாலும் படமெடுப்பவருக்கு அந்த எண்ணம் பயன்படும். பத்துமணிப்பூ நல்ல வெயில் ஏறினால்தான் விரியும், மேகமூட்டமான நாளில் சுருங்கியே கிடக்கும். அந்திமந்தாரை பிற்பகல் முடியும்போது விரிகிறது. நிஷாகந்தி இரவில் மலர்ந்து விடிவதற்குள் தளர்ந்துவிடும். அதற்கு லென்ஸைவிட முக்காலிதான் முக்கியம். காலையில் வெள்ளையாக விரிந்து மாலைக்குள் சிவக்கும் ஒரு செம்பருத்தி இனம் உண்டு. ஒரே பூவை, ஒரே கோணத்தில், பகல் முழுக்க இடைவெளி விட்டு எடுத்துப் பாருங்கள். இது வீட்டில் மட்டுமே சாத்தியம்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் லென்ஸை மாற்றினாலும் இது தீராது. கருஞ்சிவப்பு ரோஜாவைப் படமெடுத்தால் இதழின் மடிப்பெல்லாம் காணாமல் போய் ஒரே சிவப்புத் திட்டாக வரும். வெளிச்சப் பரவலைக் காட்டும் மொத்த ஹிஸ்டோகிராம் ஒழுங்காகத்தான் இருக்கும், சிவப்புச் சேனல் மட்டும் உச்சத்தில் முட்டியிருக்கும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் வரை குறைத்து ராவில் (கேமரா பதப்படுத்தாத கோப்பில்) எடுத்தால் மடிப்புகள் திரும்பி வரும். வெள்ளைப் பூ படத்தை நிறைத்தால் நேர்மாறு: கேமராவின் ஒளி அளக்கும் மீட்டர் அதைச் சாம்பலாக்கப் பார்க்கும், கொஞ்சம் கூட்ட வேண்டும். நீலம் எப்போதுமே வம்பு. ஃபிலிம் காலத்தில் சில நீலப் பூக்கள் இளஞ்சிவப்பாக வந்து தொலைக்கும். நம் கண்ணுக்கு அவ்வளவாக எட்டாத ஆழ்சிவப்பை அந்த இதழ்கள் பிரதிபலிக்க, ஃபிலிம் அதைப் பிடித்துக்கொண்டதுதான் காரணம். டிஜிட்டலில் அது பெரிதும் அடங்கிவிட்டது. ஆனாலும் சங்குப்பூவின் நீலம் திரையில் ஊதாவாகச் சாய்வதைப் பார்க்கலாம். எடுத்த இடத்திலேயே பூவைப் பக்கத்தில் வைத்துத் திருத்துவதுதான் நம்பகமான வழி.

இனி வெளித் தோட்டங்கள். 100 மி.மீ. மேக்ரோவில் 1:1க்கு லென்ஸ் முனைக்கும் பூவுக்கும் நடுவே 15 செ.மீ. அளவுக்குத்தான் இடம் இருக்கும். பொதுத் தோட்டத்திலோ நீங்கள் நடைபாதையில், பூ பாத்திக்கு நடுவில். கயிற்றைத் தாண்டக் கூடாது, தாண்டவும் நமக்கு மனம் வரக் கூடாது. தொட்டியைத் திருப்ப முடியாது, அட்டை பிடிக்க முடியாது, பின்னால் யாராவது நின்றுகொண்டிருப்பார்கள். பல தோட்டங்களில் முக்காலிக்கும் தடை. இங்கே 70–300 மி.மீ. ஜூம் ஒன்று மேக்ரோவை எளிதாகத் தோற்கடிக்கிறது: ஒன்றரை மீட்டர் தள்ளி நின்றே ஒரு டேலியாவை நிறைத்து எடுக்கலாம். பார்வைக் கோணம் குறுகலானதால் பின்னணியில் ஒரு நிறத்தைத் தேர்ந்தெடுக்க இரண்டடி நகர்ந்தால் போதும். நண்பர்கள் வீட்டுத் தோட்டம் என்றால் ஜூம்கூட வேண்டாம். அவர்கள் செடியின் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது முகத்தைக் கேமராவுக்குள் புதைத்து நிற்பது நன்றாயில்லை. போனே போதும்.

போனிலும் ஒரு சூட்சுமம். பல போன்களில் மேக்ரோ என்பது அகலக்கோணக் கேமராதான். பூவை ஒட்டிப் போக வேண்டும், நம் நிழலும் விழும், பின்னணியில் வேலி, குழாய், செருப்பு எல்லாம் சேரும். தானாக மேக்ரோவுக்கு மாறுவதை அணைத்துவிட்டு, அரை மீட்டர் தள்ளி நின்று, இருந்தால் டெலிஃபோட்டோ கேமராவில் எடுத்துப் பாருங்கள். பூவின் வடிவமும் கெடாது.

பராமரிப்பு விஷயத்தில் லென்ஸ் தொந்தரவு தரவில்லை, தந்தது மகரந்தம். லில்லியின் மகரந்தம் எண்ணெய்ப் பசையோடு இருக்கும். துணியால் துடைத்தால் கண்ணாடியில் இழுபடும், சட்டையில் பட்டால் கறை. கண்ணாடியில் இருந்தால் முதலில் காற்றுப் பந்தால் ஊத வேண்டும். சட்டையில் என்றால் ஒட்டுநாடாவால் ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கவே கூடாது. செடிக்குத் தண்ணீர் தெளித்த உடனே எடுத்த படங்கள் அழகுதான், ஆனால் ஈரத்தோடு லென்ஸைப் பைக்குள் போட்டு மூடினால் பூஞ்சை பிடிக்கும். 40–50 சதவீத ஈரப்பதத்தில், சிலிக்கா ஜெல் போட்ட பெட்டியில் வைத்திருக்கிறேன். உட்கண்ணாடி இன்றுவரை சுத்தம்.