லேசர் வெல்டிங் மெஷின்: ஒன்பது மாதம் ஓட்டிப் பார்த்ததில்

கோவை கணபதியில் எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) கேட், ஓட்டல் கிச்சன் டேபிள் செய்யும் சின்னப் பட்டறை என்னுடையது. கையில் பிடித்து ஓட்டும் 1.5 கிலோவாட் ஃபைபர் லேசர் வெல்டிங் மெஷினை நாலு லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே கொடுத்து வாங்கினேன். வேலையில் குறை சொல்ல முடியாது. 2 மில்லிமீட்டர் 304 ரக எஸ்எஸ் ஷீட்டில், மின்பொறியால் ஒட்டும் டிக் வெல்டிங்கைவிட மூன்று மடங்கு வேகம். ஷீட் வளைவதில்லை, தேய்த்துப் பளபளப்பாக்கும் பஃபிங்கும் பாதியாகக் குறைந்துவிட்டது. ஜாயின்ட் மட்டும் இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டும்.

தொல்லை கொடுப்பது லேசர் இல்லை, அதைச் சுற்றி இருப்பவை. முதல் மாதம், கைப்பிடிக்குள் கதிர் வரும் வழியில் இருக்கும் பாதுகாப்பு லென்ஸ் பதினொன்று போனது. பக்கத்தில் கிரைண்டிங் ஓடியதுதான் காரணம். ஒரு தூசு உட்கார்ந்தால் போதும், கதிர் அதையே எரித்துக் கரும்புள்ளி ஆக்கிவிடும். கிரைண்டிங்கைப் பின்கட்டுக்கு மாற்றிய பிறகு மாதம் இரண்டோடு நிற்கிறது. அப்புறம் சில்லர், அதாவது லேசரைத் தண்ணீரால் குளிர்விக்கும் பெட்டி. வெளியே வரும் ஒளி 1.5 கிலோவாட்தான், இழுக்கும் கரண்ட் அதைப்போல மூன்று மடங்குக்கும் மேல். மிச்சமெல்லாம் சூடு. சித்திரை வெயிலில் மத்தியானம் இரண்டு மணிக்கு அலாரம் அடித்து நின்றுவிடும்.

அக்கா பையன் ஒருநாள் போனை நீட்டினான். 2025 ஏப்ரலில் கர்னூலில் நம் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓ 30 கிலோவாட் லேசரால் ட்ரோனைச் சுட்டு வீழ்த்திய வீடியோ. "மாமா, இனி ஏவுகணையே வேண்டாம்ல?" என்றான். "அவங்க சில்லர் எவ்வளவு பெருசுன்னு கேட்டுச் சொல்லுடா" என்றேன்.

கிண்டலுக்குச் சொல்லவில்லை. 2014இல் அமெரிக்கக் கடற்படை பான்ஸ் கப்பலில் ஏற்றிய லேசர் ஆயுதமே, தொழிற்சாலை வெல்டிங் லேசர் ஆறைச் சேர்த்துக் கட்டியதுதான். என் மெஷினுக்குப் பெரியப்பா முறை. ஆனால் எனக்கு ஷீட் நாசில் முனையிலேயே இருக்கிறது. அவர்களுக்கு ஓடுகிற ட்ரோனின் ஒரே புள்ளியில், கிலோமீட்டர் கணக்கில் தள்ளி, சில விநாடி கதிரைப் பிடித்து நிறுத்த வேண்டும். நடுவில் உப்புக்காற்று, மூடுபனி, புழுதி. பிரிட்டனின் டிராகன்ஃபயர் லேசர் ஆயுதத்துக்கு ஒரு சூட்டுக்குப் பத்து பவுண்டுதான் என்கிறார்கள். நம்புகிறேன், எனக்கும் ஒரு ஜாயின்ட்டுக்குக் கரண்ட் செலவு காசு கணக்குத்தான். லென்ஸையும் சில்லரையும் யார் கணக்கில் எழுதுவது? இருந்தாலும் மலிவான ட்ரோனை அடிக்க லேசர் நிலைத்துவிடும் என்றே நினைக்கிறேன்.

ரெயில்கன் விஷயத்தில் எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. இரண்டு தண்டவாளத்துக்கு நடுவே லட்சக்கணக்கான ஆம்பியர் பாய்ச்சிக் குண்டைத் தள்ளுவது அது. உரசலும் மின்பொறியும் தண்டவாளத்தையே தின்றுவிடும். சிஓ2 வெல்டிங்கில் கம்பி வெளியே வரும் டிப் தேய்ந்தால் இருபது ரூபாயில் மாற்றிவிடுவேன், பீரங்கிக் குழலை அப்படி மாற்ற முடியுமா? 2010இல் டால்கிரன் கடற்படைச் சோதனைத் தளத்தில் 33 மெகாஜூல் சக்தியில் சுட்டுக்காட்டிய அமெரிக்கா 2021இல் வேலையை நிறுத்திவிட்டது. ஜப்பான் விடவில்லை, 2023இல் கப்பலிலிருந்தே சுட்டுப் பார்த்தது.

சரி, மெஷினுக்கு ஐந்துக்கு மூன்றரை. குறைத்ததில் ஒரு புள்ளி சர்வீஸுக்குப் போனது: சில்லர் சென்சார் மாற்ற ஆள் வரவே பதினெட்டு நாள் ஆனது. அரை, பெட்டியோடு இலவசமாக வந்த கண்ணாடிக்கு. இந்தக் கதிர் கண்ணுக்கே தெரியாது. 1080 நானோமீட்டரைத் தடுக்கும் என்று அச்சிட்ட கண்ணாடியைத் தனியாக வாங்கி மாட்டிக்கொண்டு சுவிட்சைத் தொடுங்கள்.