முயல் குட்டியுடன் கடையில் தரும் பராமரிப்புத் தாள்: ஒரு மதிப்பீடு

சென்னைப் புறநகரில் உள்ள ஒரு செல்லப்பிராணிக் கடையில் முயல் குட்டி வாங்குவோருக்குக் கம்பிக் கூண்டு, தண்ணீர்ப் புட்டி, குச்சித் தீவனம் (தீவனத் தூளை அழுத்திச் செய்த சிறு துண்டுகள்) ஆகியவற்றோடு இருபுறமும் அச்சிட்ட ஒரு பராமரிப்புத் தாளையும் தருகிறார்கள். இந்த மதிப்புரை பெரும்பாலும் அந்தத் தாளைப் பற்றியது. இதில் சுட்டப்போகும் குறைகள் ஒரு கடைக்கு மட்டும் உரியவை அல்ல என்பதாலும், இத்தகைய தாள் ஒன்றைத் தமிழில் அச்சிட்டுத் தர வேண்டும் என்று நினைத்ததே பாராட்டத்தக்கது என்பதாலும் கடையின் பெயரைத் தவிர்க்கிறேன்.

நாய் வளர்க்கத் தொடங்கும் ஒருவருக்குத் தெருவுக்கு ஒருவர் யோசனை சொல்லக் கிடைப்பார். முயல் வாங்கும் குடும்பத்துக்கு அந்த வாய்ப்பு இல்லை. பிள்ளையின் பிறந்தநாளுக்காகக் குட்டியை வாங்கிச் செல்லும் பெற்றோர் பலருக்கு, அடுத்த சில வாரங்களுக்கு முயலைப் பற்றிய அறிவு என்றால் கடைக்காரர் சொன்னதும் அந்தத் தாளில் இருப்பதும்தான். பிற விலங்குகளுக்கு இரையாகும் உயிர் என்பதால் முயல் தன் நோயை மறைத்துக்கொள்ளும். அது சோர்ந்து மூலையில் ஒடுங்குவதை நாம் கவனிக்கும்போது நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும். ஆகவே அந்தத் தாளில் உள்ள ஒவ்வொரு வரியும் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம்.

கடையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இடம் சுத்தமாக இருக்கிறது. ஆண் குட்டிகளையும் பெண் குட்டிகளையும் தனித்தனியே வைத்திருக்கிறார்கள். காதைப் பிடித்துத் தூக்கும் கொடுமையை அங்கே நான் பார்க்கவில்லை. கூண்டுகளைக் கழுவிப் பராமரிக்கும் இளைஞர், வாங்குவோரிடம், குட்டி இதுவரை தின்றுவந்த தீவனத்தை உடனே மாற்றாமல் ஒரு வாரத்துக்குப் புதியதோடு சிறிது சிறிதாகக் கலந்து கொடுங்கள் என்று சொல்லியனுப்புகிறார். தாய்ப்பால் மறந்த குட்டிகள் இடம் மாறிய முதல் சில நாட்களில் கழிச்சலால் இறப்பதற்குத் திடீர்த் தீவன மாற்றம் ஒரு முக்கியக் காரணம் என்பதால் இது மிக நல்ல அறிவுரை. ஆனால் இது தாளில் இல்லை. அந்த இளைஞர் விடுமுறையில் இருக்கும் நாளில் குட்டி வாங்குவோருக்கு இது கிடைக்காது.

தாளில் உணவைப் பற்றிய பகுதிதான் பெரியது. பிழைகளும் அங்கேதான் மிகுதி. வளர்ந்த முயலுக்கு நாளொன்றுக்கு 150 கிராம் குச்சித் தீவனம் கொடுக்கும்படியும், ‘கிடைத்தால்’ பசும்புல் கொடுக்கும்படியும் அதில் எழுதியிருக்கிறது. வீட்டு முயல்களுக்கு இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். உணவில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் புல்லாகவோ உலர்புல்லாகவோ இருக்க வேண்டும். குச்சித் தீவனம் உடல் எடையில் ஒரு கிலோவுக்குச் சுமார் 25 கிராம் போதும். இரண்டு கிலோ எடையுள்ள முயலுக்கு 50 கிராம் என்று கொண்டால், தாள் பரிந்துரைப்பது அதன் மூன்று மடங்கு.

இந்த அளவு எங்கிருந்து வந்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமில்லை. தமிழில் முயல் வளர்ப்பு என்று தேடினால் கிடைக்கும் கையேடுகளும் பயிற்சிக் குறிப்புகளும் பெரும்பாலும் இறைச்சிக்காகப் பண்ணை வைப்போருக்கு எழுதப்பட்டவை. கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் உள்ள மத்திய ஆராய்ச்சி நிலையமும், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் முயல் வளர்ப்பைப் பற்றிப் பல ஆண்டுகளாகச் செய்துவரும் பணி மதிப்புக்குரியது. அவை பண்ணையாளருக்குச் சொல்வது அந்த நோக்கத்துக்குப் பொருத்தமானது. அங்கே ஒரு குட்டி மூன்று மாதத்தில் இரண்டு கிலோவை எட்டி விற்பனைக்குப் போகிறது. குச்சித் தீவனம் போன்ற அடர்தீவனமும், எச்சம் கீழே விழும் கம்பித் தளமும், நெருக்கமான கூண்டும் அந்தக் குறுகிய காலத்துக்கு வகுத்த ஏற்பாடுகள். வீட்டு முயலோ, நன்றாகப் பார்த்துக்கொண்டால், எட்டு முதல் பன்னிரண்டு ஆண்டுகள் வாழும். மூன்று மாத வாழ்வுக்கு எழுதிய குறிப்பைப் பத்தாண்டு வாழ்வுக்குக் கொடுப்பதுதான் இந்தத் தாளின் அடிப்படைக் குறை. மற்ற குறைகளில் பல இதிலிருந்தே கிளைக்கின்றன.

காரணத்தையும் சொல்லாமல் புல் கொடுங்கள் என்று மட்டும் எழுதினால் யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். முயலுக்கு 28 பற்கள். அவை அனைத்தும் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. நீண்ட நார் கொண்ட புல்லைத் தாடையைப் பக்கவாட்டில் அசைத்து மணிக்கணக்கில் அரைக்கும்போதுதான் கடைவாய்ப் பற்கள் சீராகத் தேய்கின்றன. குச்சித் தீவனம் நொறுங்கிச் சில நிமிடங்களில் தீர்ந்துவிடுவதால் அந்த வேலை நடப்பதில்லை. பல்லின் ஓரம் முள்போல நீண்டு நாக்கையும் கன்னத்தையும் கிழிக்கும், முயல் எச்சில் ஒழுகித் தீனியை விட்டுவிடும். குடலும் அப்படியே. நார் குறைந்தால் குடலின் அசைவு மந்தமாகி, வாயு சேர்ந்து, முயல் உண்பதை நிறுத்துகிறது; உண்ணாததால் குடல் மேலும் மந்தமாகிறது. முயலால் வாந்தி எடுக்கவும் இயலாது. வீட்டு முயல்கள் திடீரென இறந்துபோனதாக நாம் கேள்விப்படும் கதைகள் பலவற்றின் பின்னால் இந்தக் குடல் தேக்கம் இருக்கிறது.

இதோடு தொடர்புள்ள மற்றொன்றும் தாளில் விடுபட்டிருக்கிறது. முயல் இரண்டு வகை எச்சம் இடும்: உலர்ந்த உருண்டைகள் ஒன்று, சிறு திராட்சைக் குலை போல ஒட்டிய, மென்மையான, மணமுள்ள எச்சம் மற்றொன்று. இந்த இரண்டாவதை முயல் குனிந்து நேரே வாயால் எடுத்து விழுங்கிவிடும். பெருங்குடலின் தொடக்கத்தில் பை போல உள்ள பெருங்குடல்வாயில் நுண்ணுயிரிகள் உண்டாக்கிய பி வைட்டமின்களையும் புரதத்தையும் அது இவ்வாறுதான் பெறுகிறது. இதை அறியாதவர்கள் கெட்ட பழக்கம் என்று தடுக்க முயல்வதும், உண்ணாமல் கிடக்கும் மென்னெச்சத்தைப் பார்த்துக் கழிச்சல் என்று மருந்து தேடுவதும் வழக்கமாக நடப்பவை. மென்னெச்சம் அடிக்கடி தரையில் கிடந்தால் அது அடர்தீவனம் மிகுந்துவிட்டதன் அடையாளமாக இருக்கலாம் என்ற ஒரு வரி, புதியவர்களுக்குப் பெரிய உதவி.

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட குறிப்புகளை அப்படியே பெயர்த்தால் இந்தக் குறை தீர்ந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். கலிபோர்னியாவில் 1988-இல் தொடங்கப்பட்ட ஹவுஸ் ராபிட் சொசைட்டி முயலை வீட்டுக்குள் குடும்பத்தோடு வைத்து வளர்க்கும் முறையை விரிவாக எழுதிப் பரப்பியது. அந்தக் கட்டுரைகள் மிக நல்லவை. ஆனால் அவை பரிந்துரைக்கும் டிமோதி குளிர்நாட்டுப் புல். நம் ஊரில் இறக்குமதிப் பொட்டலமாக மட்டுமே கிடைக்கும், விலையும் அதிகம். அதைப் படித்துவிட்டு விலை கட்டுப்படியாகாமல் மறுபடியும் குச்சித் தீவனத்துக்கே திரும்புவோர் உண்டு. இங்கே அருகம்புல் இருக்கிறது. கொழுக்கட்டைப் புல், கினிப்புல், கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் ஆகியவற்றை மாட்டுத் தீவனத்துக்காகப் பயிரிடுகிறார்கள். பூச்சிமருந்து தெளிக்காத, நாய்கள் நடமாடாத இடத்தில் அறுத்து நிழலில் காயவைத்தால் இவை நல்ல உலர்புல்லாகும். குதிரைமசால், வேலிமசால், முயல் மசால் ஆகிய பயறுவகைத் தீவனங்களில் புரதமும் கால்சியமும் கூடுதல். வளரும் குட்டிக்கு அவை நல்லவை, ஆனால் ஆறேழு மாதத்துக்குப் பின் குறைத்துவிட வேண்டும். முயலின் உடல் உணவில் உள்ள கால்சியத்தைப் பெருமளவு உறிஞ்சி, மிகுந்ததைச் சிறுநீர் வழியே வெளியேற்றுவதால், அளவு மீறினால் சிறுநீர்ப்பையில் சுண்ணாம்புக் கசடும் கல்லும் சேரும். சுபாபுல் (சவுண்டல்) மரத்தின் தழையை வழக்கமான உணவாகக் கொடுக்கக் கூடாது. அதிலுள்ள மிமோசின் என்ற நச்சுப்பொருள் மயிர் உதிர்வை உண்டாக்கும். இந்தப் பெயர்களைத் தமிழில், நம் ஊர்ச் செடிகளாகச் சொல்லும் ஒரு பத்தி அந்தத் தாளில் இருந்தால் அதன் மதிப்பு இருமடங்காகும். கேரட்டும் வாழைப்பழமும் சர்க்கரை மிகுந்தவை, விரல் நுனியளவு போதும் என்பதையும் சேர்க்கலாம். தாளின் தலைப்பில் முயல் கேரட் தின்னும் படம் இருப்பதால் இது இன்னும் தேவையாகிறது.

தாள் சரியாகச் செய்திருக்கும் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். “தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும்” என்ற வரி பெரிய எழுத்தில் இருக்கிறது. முயலுக்குத் தண்ணீர் காட்டினால் செத்துவிடும் என்ற நம்பிக்கை நம் ஊர்களில் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதனால் தாகத்தில் வாடிய முயல்கள் ஏராளம். கடைக்காரர் இந்த ஒரு வரியால் பல உயிர்களைக் காத்திருக்கிறார். புட்டியைவிடக் கனமான மண் கிண்ணத்தில் முயல் இயல்பாகவும் கூடுதலாகவும் குடிக்கும் என்பதை மட்டும் அடுத்த பதிப்பில் சேர்க்கட்டும்.

வெயிலைப் பற்றி இருப்பது “நேரடி வெயில் படாமல் வைக்கவும்” என்ற ஒரே வரி. சென்னைக்கு இது போதவே போதாது. முயலுக்கு வியர்க்காது, உடல் சூட்டைப் பெரும்பாலும் காதுகளின் வழியாகவே தணித்துக்கொள்கிறது. வெப்பம் 30 பாகையை நெருங்கும்போதே அதற்குத் துன்பம் தொடங்கிவிடும். கத்திரி வெயிலில் 40-ஐத் தொடும் நகரத்தில், தகரக் கூரையின் கீழோ மூடிய பால்கனியிலோ வைத்த முயல் நிழலில் இருந்தும் இறக்கக்கூடும். கல் தரையுள்ள, காற்றோட்டமான உள்ளறை, துணி சுற்றிய உறைநீர்ப் புட்டி, ஈரக் கையால் காதைத் தடவுவது ஆகியவை உதவும். மூச்சிரைத்துக் கிடக்கும் முயலைக் குளிர்ந்த நீரில் முக்கக் கூடாது; அந்த அதிர்ச்சியே கொன்றுவிடும். தீபாவளி வெடிச் சத்தமும் இப்படியே ஆபத்தானது. அந்த இரவுகளில் சன்னல்களைச் சாத்தி உள்ளறையில் வைக்கும்படி தாள் எச்சரிக்க வேண்டும்.

தாளின் பின்புறத்தில் நாய், பூனைக்கான உண்ணித் தெளிப்பான் ஒன்றின் விளம்பரம் இருப்பது எனக்கு உண்மையாகவே கவலை தருகிறது. இத்தகைய தெளிப்பான்கள் சிலவற்றில் உள்ள பிப்ரோனில் என்ற மருந்து முயலுக்கு நஞ்சு. வலிப்பு வந்து இறந்துவிடும். முயல் பராமரிப்புத் தாளில் அந்த விளம்பரத்தைக் காண்பவர் முயலுக்கும் அது ஏற்றது என்றுதானே எடுத்துக்கொள்வார்? அதுபோலவே, வீட்டில் மீந்திருக்கும் அமாக்சிசிலின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை வாய்வழி கொடுத்தால் குடலின் நல்ல நுண்ணுயிரிகள் அழிந்து முயல் மடியும். மருத்துவர் சொல்லாத எந்த மருந்தையும் கொடுக்கக் கூடாது என்பதைக் கட்டம் போட்டு அச்சிட வேண்டிய இடம் அது.

“ஜோடியாக வாங்குவது நல்லது” என்கிறது தாள். முயல் துணையை விரும்பும் உயிர் என்பதால் கருத்து சரி. ஆனால் பாதியில் நிற்கிறது. சிறு வயதில் ஆண், பெண் பிரித்தறிவது எளிதன்று; இரண்டும் பெண் என்று வாங்கிய வீடுகளில் குட்டிகள் பிறப்பது புதிதல்ல. சினைக்காலம் ஒரு மாதம்தான். ஈன்ற அன்றே மறுபடியும் சினையாகும் இயல்பும் உண்டு. ஆணுக்கு விதைநீக்கம் செய்வது, செய்த பின்னும் சில வாரங்கள் பிரித்து வைப்பது, கருப்பை நீக்காத பெண் முயல்களுக்கு வயதாகும்போது கருப்பைப் புற்றுநோய் மிகுதியாக வருவது ஆகியவற்றை வாங்கும்போதே சொல்லிவிட வேண்டும். விற்பனை குறைந்துவிடும் என்று கடைக்காரர் அஞ்சலாம். ஆயினும் செல்லப்பிராணிக் கடைகளுக்கான 2018-ஆம் ஆண்டு விதிகளின்படி பதிவு பெற்ற கடை என்று பலகை மாட்டியிருப்பவரிடம் இந்த நேர்மையை எதிர்பார்ப்பதில் தவறில்லை.

கூண்டைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. கம்பித் தளம் பாதத்தைப் புண்ணாக்கும், அளவும் சிறிது. பிரிட்டனில் உள்ள முயல் நல அமைப்பு இரு முயல்களுக்கு 3 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் 1 மீட்டர் உயரமும் கொண்ட இடம் வேண்டும் என்கிறது; அடுக்ககத்தில் அது கடினமென்றால், கூடத்தின் ஒரு மூலையை மடக்குத் தடுப்பால் அடைத்துப் பாய் விரித்துவிடலாம், செலவும் கூண்டை விடப் பெரிதாக இராது.

தாளின் கடைசி வரியில் ‘அவசரத்துக்கு’ என்று கடையின் கைபேசி எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள். நல்லெண்ணத்தோடு கொடுத்ததுதான், அழைத்தால் பொறுமையாகப் பேசவும் செய்கிறார்கள். ஆனால் பன்னிரண்டு மணி நேரம் தீனியும் தொடாமல் எச்சமும் இடாமல் இருக்கும் முயலுக்கு வேண்டியது மருத்துவர். வேப்பேரியில் உள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் முகவரியையும், முயல்களைப் பார்த்துப் பழகிய அருகிலுள்ள மருத்துவர் ஒருவரின் பெயரையும் அந்த இடத்தில் அச்சிட வேண்டும். உரிமையாளரிடம் இவற்றை எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த முறை அச்சடிக்கும்போது மாற்றுவதாகச் சொன்னார். அதுவரை, அந்தக் கடையில் குட்டி வாங்குவோர் தாளின் உணவுப் பகுதியை அடித்துவிட்டு, கூண்டைக் கடையிலேயே விட்டுவிட்டு, அந்த இளைஞர் சொல்வதைக் கேட்டு எழுதிக்கொண்டு வரலாம்.