யாழ்ப்பாணத் திருநெல்வேலியில் ஒரு பிளேன்ரீக் கடை

ரோல்ஸ் சுமார்தான், அதை முதலே சொல்லிவிடுகிறேன். உருளைக்கிழங்கு நிறைய, மீனைத் தேடவேண்டும். ஆனாலும் மலையகத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கு வந்து, ஒருவரையும் தெரியாமல் அறைக்குள் முடங்கிக் கிடக்கிற பிள்ளைகளுக்கு இராமநாதன் வீதிக்குக் கிட்ட இருக்கிற இந்தச் சின்னக் கடையைத்தான் சொல்வேன். இரண்டு வாங்கு, ஒரு மேசை. இடமில்லாததால் தெரியாதவனோடு ஒட்டித்தான் உட்காரவேண்டும், எனக்குக் கிடைத்த நாலு கூட்டாளிகளும் அப்படி ஒட்டியவர்கள்தான்.

அமெரிக்காவில் படிக்கும் மச்சாள் சொன்னாள், அங்கே கிரேக்க எழுத்துகளில் பெயர் வைத்த மாணவர் சங்கங்கள் இருக்காம் (முதலாவது 1776இல் தொடங்கியது), அவர்கள் நம்மைத் தெரிவுசெய்யவும் வேண்டும், பிறகு சந்தாவும் கட்டவேண்டும். சேராதவர்கள் விளையாட்டு, நாடகம் என்று ஆட்களைப் பிடித்துக்கொள்கிறார்களாம். இங்கே அப்படிச் சங்கம் இல்லை, ‘பச்’ இருக்கிறது, அதாவது ஒரே வருடத்தில் சேர்ந்த மாணவர் கூட்டம். சீனியர்மாருக்குப் பணிந்தால்தான் பச்சில் இடம் என்று யாராவது வெருட்டினால் நம்பாதீர்கள், பகிடிவதைக்கு எதிராக 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டமே இருக்கிறது. நான் பணியவில்லை, தனித்துப்போகவும் இல்லை.

சரி, கடைக்கு வருவோம். பிளேன்ரீக்கு இஞ்சி கேட்டு வாங்குங்கள், சில்லறையோடு போங்கள். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு வாங்கில் இடம் கிடைக்காது.