லூகரா, மவுசரா? பதக்கம் பொறித்த பழைய ஜெர்மன் பிஸ்டல்கள்: எதை வாங்கலாம், எதை விடலாம்

பழைய ராணுவத் துப்பாக்கிகளின் ஏலப் பட்டியல்களைப் புரட்டுபவர்களுக்கு இந்த வகை பழக்கமானதுதான். முதல் உலகப்போர் காலத்து லூகர் அல்லது மவுசர் பிஸ்டல், உடம்பெல்லாம் தங்கக் கொடிவேலை, நடுவில் இரும்புச் சிலுவையோ பூர் லெ மெரிட் பதக்கமோ, கூடவே வெல்வெட் விரித்த மரப்பெட்டி. பெரும்பாலும் இந்தச் செதுக்கல், போர் முடிந்து பல பத்தாண்டுகள் கழித்து நினைவுப் பதிப்பாகச் செய்யப்பட்டது. பார்த்தவுடன் மனம் மயங்கும். ஆனால் எந்தத் துப்பாக்கி, எந்தப் பதக்கம், யார் செய்த வேலை என்று தனித்தனியாகப் பார்க்காமல் பணத்தை நீட்டக்கூடாது.

முதலில் துப்பாக்கி. கியோர்க் லூகர் வடிவமைத்த பிஸ்டலை ஜெர்மன் கடற்படை 1904-இலும் தரைப்படை 1908-இலும் ஏற்றுக்கொண்டன. பி.08 என்ற பெயர் அந்த 1908-இல் இருந்து வந்தது. சாய்ந்த பிடி, முழங்கால்போல மடிந்து எழும் மேல்பகுதி, மெல்லிய குழல் என்று அதன் உருவமே போதுமான அழகு. சிக்கல் என்னவென்றால், செதுக்குபவருக்கு அதில் இடமே இல்லை. தோட்டா அறையின் மேல்பகுதி கொஞ்சம் அகலம்தான், ஆனால் அங்கே 1916, 1917 என்று தயாரிப்பு ஆண்டு இருக்கும். வலப்பக்கம் கிரீடம் வைத்த ஆய்வு முத்திரைகள், இடப்பக்கம் வரிசை எண். பதக்கத்தை நகத்தளவுக்குச் சுருக்க வேண்டும், இல்லையென்றால் இந்த அடையாளங்களில் ஏதாவது ஒன்றின் மேல் ஏற்ற வேண்டும். அதனால்தான் நினைவுப் பதிப்பு லூகர்கள் பலவற்றில் கொடிவேலை நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது.

மவுசர் சி96 வேறு மாதிரி. ஓபெர்ன்டோர்ஃப் ஆலையில் ஃபீடெர்லே சகோதரர்கள் உருவாக்கியது. பத்துத் தோட்டா கொள்ளும் பெட்டி விசைக்கு முன்னாலேயே இருப்பதால், இரண்டு பக்கமும் தட்டையான எஃகுப் பரப்பு கிடைக்கிறது. நாடாவோடு சேர்த்து ஒரு பதக்கத்தையே அங்கே தாராளமாகச் செதுக்கலாம். செதுக்கல் வேலைக்கு மட்டும் மதிப்பெண் போட்டால் சி96 முன்னால் நிற்கிறது, சந்தேகமே இல்லை.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. 1916-இல் பிரஷ்ய ராணுவம் இந்த மவுசரை ஒன்றரை லட்சம் கேட்டது, அதுவும் 9 மி.மீ. தோட்டாவுக்கு. சி96-இன் வழக்கமான தோட்டா 7.63 மி.மீ. என்பதால் வீரர்கள் மாற்றிப் போட்டுவிடக்கூடாதே என்று, மரப்பிடியின் இரு பக்கமும் பெரிய 9 வெட்டி அதில் சிவப்பு வண்ணம் பூசினார்கள். சேகரிப்பாளர்கள் இதை 'ரெட் நைன்' என்கிறார்கள். இதில் நினைவுச் செதுக்கல் செய்கிறவர்கள் மரப்பிடியைக் கழற்றிவிட்டு, தந்த நிறத்தில் பதக்க வில்லை பதித்த புதுப் பிடி மாட்டினால், அந்தத் துப்பாக்கியின் ராணுவ வரலாற்றைக் கையோடு கழற்றி எறிந்தது மாதிரி. பழைய பிடி மரப்பெட்டிக்குள் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

மூன்றாவதாக, லூகருக்கு முன்பு ஜெர்மன் ராணுவம் வைத்திருந்த சுழல் துப்பாக்கியான ரைக்ஸ்ரிவால்வர், 1879 மாதிரியும் 1883 மாதிரியும். அமெரிக்கச் சட்டத்தில் 1898 வரை செய்யப்பட்டதே பழம்பொருள் என்பதால், உண்மையிலேயே அந்தப் பெயருக்கு உரியது இதுதான். பி.08 எதுவும் அந்த வரம்புக்குள் வராது. சி96-இலும் மிக ஆரம்பகாலத்தவை மட்டுமே வரும். மேலே எவ்வளவு தங்கம் இழைத்தாலும் சட்டம் செதுக்கலைப் பார்க்காது, தயாரிப்பு ஆண்டைத்தான் பார்க்கும்.

சரி, பதக்கத்துக்கு வருவோம். இரும்புச் சிலுவையை பிரஷ்ய அரசர் மூன்றாம் ஃபிரெட்ரிக் வில்ஹெல்ம் 1813 மார்ச் 10-இல், நெப்போலியனை எதிர்த்த போருக்காக நிறுவினார். அன்று மறைந்த அரசி லூயிசேயின் பிறந்தநாள். பதவி பார்க்காமல் சிப்பாய்க்கும் தளபதிக்கும் ஒரே சிலுவை என்பது அந்தக் காலத்துக்குப் பெரிய விஷயம். பிறகு 1870, 1914, 1939 என மூன்று முறை புதுப்பிக்கப்பட்டது. கறுப்பு இரும்பு, சுற்றிலும் வெள்ளி விளிம்பு, அவ்வளவுதான். நீலக்கறுப்பு மேற்பூச்சு ஏறிய எஃகில் மெல்லிய வெள்ளிக் கம்பி இழைத்தாலே சிலுவை எழுந்து நிற்கும். பொருளும் உத்தியும் இப்படி ஒத்துப்போவது அரிது.

பூர் லெ மெரிட் இரண்டாம் ஃபிரெட்ரிக் 1740-இல் தொடங்கியது. நீல எனாமல் சிலுவை, கைகளுக்கு இடையில் தங்கக் கழுகுகள். முதல் உலகப்போரில் அதிகாரிகளுக்கு மட்டுமே தரப்பட்டது. விமானிகளில் பெல்க்கேயும் இம்மெல்மானும் 1916 ஜனவரியில் முதலில் பெற்றார்கள். பதக்கமாகப் பார்த்தால் இதன் அழகுக்கு ஈடில்லை. துப்பாக்கியில்தான் ஒட்டவில்லை. உண்மையான எனாமலைச் சுட ஏறக்குறைய 800 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும், முடித்த துப்பாக்கியின் எஃகு அதைத் தாங்கி அதே குணத்தோடு திரும்பாது. ஆகவே செய்பவர்கள் பிசின் கலந்த குளிர் எனாமலைப் பூசுகிறார்கள், அல்லது தங்க இழைப்போடு நிறுத்திக்கொள்கிறார்கள். முதலாவது நாளாக ஆக மங்கும், உதிரும். இரண்டாவதில் நீலமே இல்லை, நீலம் இல்லாத பூர் லெ மெரிட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

நீண்ட, 150 மி.மீ. குழல் கொண்ட கடற்படை லூகரில் மட்டும் இந்தப் பதக்கத்துக்கு ஒரு நியாயம் உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டுவீசி எரித்த எம்டன் கப்பலின் தளபதி கார்ல் ஃபோன் முல்லர் 1918-இல் பெற்றது பூர் லெ மெரிட். அந்தக் கப்பல் மூழ்கிய பிறகு அதே பெயரில் கட்டிய அடுத்த கப்பல் முகப்பில் இரும்புச் சிலுவையைத் தாங்கியது. இப்படி ஒரு கதையைச் சரியான ஆண்டோடும் சரியான மாதிரியோடும் சொல்லும் பதிப்பு என்றால் நானும் நின்று பார்ப்பேன். 1917 தேதியிட்ட துப்பாக்கியில் 1939 சிலுவையைச் செதுக்கியிருந்தால் அடுத்த பக்கம் போய்விடுவேன். 1939 சிலுவையில் நாஜிச் சின்னமும் இருக்கிறது. அதை அலங்காரமாக வீட்டில் மாட்டுவதை என்னால் ஏற்க முடியாது.

கடைசியாக, யார் செய்தது. 1970-களில் மவுசர் நிறுவனமே பாராபெல்லம் பிஸ்டலை, அதாவது லூகரை, மறுபடி தயாரித்தது, அதில் சிலவற்றை நினைவுப் பதிப்பாகவும் வெளியிட்டது. அவை புதிதாகச் செய்தவை, எந்தப் பழைய துப்பாக்கியும் அவற்றுக்காகப் பலியாகவில்லை. பதக்கச் செதுக்கல் கட்டாயம் வேண்டும் என்பவர்கள் இப்படிப் புதிதாகச் செய்த துப்பாக்கியில் ஒரு நல்ல கைவினைஞரிடம் சொல்லிச் செய்துகொள்வதே மேல். எல்லா உறுப்பிலும் எண் பொருந்திய போர்க்கால லூகரைத் தேய்த்து மெருகேற்றிச் செதுக்குவது மட்டும் என் மனதை உண்மையாகவே நோகடிக்கிறது. தேய்த்ததைத் திரும்பக் கொண்டுவர வழியே கிடையாது.

தேய்த்ததா என்று கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. விசை, பாதுகாப்பு நெம்புகோல், தோட்டாப் பெட்டியை விடுவிக்கும் பொத்தான் ஆகியவை பழைய லூகரில் வைக்கோல் மஞ்சளாக இருக்கும். சூடாக்கி வரவழைத்த நிறம் அது, தங்கமுலாம் போலப் பளபளக்காது. மரப்பிடியைக் கழற்றி உள்ளே பாருங்கள்: முதல் உலகப்போர் காலத் துப்பாக்கியின் உடற்சட்டகத்துக்குள் எஃகு பூச்சில்லாமல் வெள்ளையாக இருக்க வேண்டும், கறுப்பாக இருந்தால் முழுத் துப்பாக்கியையும் பின்னாளில் மறுபூச்சில் முக்கியிருக்கிறார்கள். கிரீட முத்திரையின் ஓரம் விரல் நுனியில் உறைக்க வேண்டும். வழவழவென்று இருந்தால் மெருகுச் சக்கரம் அதன் மேல் போயிருக்கிறது. சின்ன உறுப்புகளில் வரிசை எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

என் வரிசை இதுதான். செதுக்காத, எண் பொருந்திய பி.08 அல்லது ரெட் நைன் முதலில். புதிதாகத் தயாரித்த நினைவுப் பதிப்பு வெகு தூரம் தள்ளி இரண்டாவது. எண் பொருந்தாத, ஏற்கெனவே மறுபூச்சு கண்ட சி96-இல் நல்ல கையால் செதுக்கிய இரும்புச் சிலுவை மூன்றாவது, அதில் இழக்க ஒன்றும் மிச்சமில்லை என்பதால். நல்ல நிலையில் இருந்த பழைய துப்பாக்கியைத் தேய்த்துச் செய்தது எந்த விலைக்கும் வேண்டாம்.

பதக்கம் வேண்டுமா, பதக்கத்தையே வாங்குங்கள். 1914 இரும்புச் சிலுவை இரண்டாம் வகுப்பு ஏறக்குறைய 50 லட்சம் வழங்கப்பட்டது, ஆகவே இன்றும் எட்டும் விலையில் கிடைக்கிறது. நடுப்பகுதி இரும்பு என்பதால் ஒரு சின்னக் காந்தம் பெரும்பாலும் ஒட்டும். வெள்ளி விளிம்பின் இரண்டு பாதிகளும் சேரும் இடத்தை உருப்பெருக்கியால் பாருங்கள், நாடா கோக்கும் வளையத்தில் தயாரிப்பாளர் முத்திரை இருக்கிறதா என்றும் தேடுங்கள். 1917 லூகருக்குப் பக்கத்தில் வைக்க 1914 சிலுவையும் கறுப்பு வெள்ளை நாடாவும் போதும்.